படம் நெய்யும் பெட்டி

மாளிகை கட்டிய மன்னனின் பெயரைச் சரித்திரம் கல்லில் வெட்டி வைக்கிறது. அந்த மாளிகை மழைக்கு ஒழுகியபோது மேலே ஏறி ஓடு மாற்றியவன் யார் என்று அது சொல்வதில்லை. யந்திரங்களின் சரித்திரமும் இப்படித்தான். கண்டுபிடித்தவர் பெயரைப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். கெட்டுப்போனதைச் செப்பனிட்டவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

டெலிவிஷன் விஷயத்தில் இந்த அநீதி கொஞ்சம் அதிகம். ஏனென்றால் அந்தப் பெட்டி பிறந்ததே ஒரு வாடகை அறையில்தான். அதுவும் ஓட்டை உடைசல் சாமான்களுக்கு நடுவில்!

ஜான் லோகி பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர், உடம்பில் வலுவும் கையில் காசும் இல்லாமல், 1923-ஆம் வருஷம் இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் சேகரித்த சாமான்களைக் கேளுங்கள்: ஒரு பழைய தொப்பிப் பெட்டி, ஒரு கத்தரிக்கோல், சில தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் கண்ணாடிகள், ஒரு காலித் தேயிலைப் பெட்டி, அரக்கு, கோந்து. இவற்றைக் கொண்டுதான் தூரத்திலிருக்கும் உருவத்தைக் கண் முன்னே கொண்டுவரப் பார்த்தார். 1924 ஜூலையில் மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்தது. கை வெந்ததோடு உயிர் தப்பியது. வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லா தேசத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது! ஆனால் 1926 ஜனவரி 26-ஆம் தேதி, லண்டனில் ஒரு மாடி அறையில், விஞ்ஞானிகள் கூடி நின்று அவருடைய பெட்டியில் அசையும் முகத்தைப் பார்த்தார்கள்.

பேர்டின் பெட்டியில் சக்கரம் சுழன்றது. சக்கரம் இல்லாமல் மின்சாரத்தாலேயே படம் வரையும் யோசனை, அமெரிக்காவில் ஐடஹோ ராஜ்யத்தில் ஓர் உருளைக்கிழங்கு வயலில் தோன்றியது. 1921-இல் பதினான்கு வயதுப் பையனான பைலோ பார்ன்ஸ்வொர்த் உழுதுகொண்டிருந்தான். சால் சாலாகப் புரண்டு கிடந்த நிலத்தைத் திரும்பிப் பார்த்தபோது, ஒரு படத்தையும் இப்படியே கோடு கோடாக உழுதுவிடலாமே என்று அவனுக்குப் பட்டது. 1927 செப்டம்பர் 7-ஆம் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோவில், அந்த உழவன் தன் முதல் படத்தைக் கண்ணாடிக் குழாயில் வரவழைத்தான். அது வெறும் ஒற்றைக் கோடு. முதல் சால் அல்லவா!

நம்மவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு பொருட்காட்சியில், பி. சிவகுமாரன் என்ற மின்சாரப் பொறியியல் மாணவர் டெலிவிஷனைச் செய்து காட்டினார். ஒரு கடிதத்தின் உருவம் கண்ணாடித் திரையில் தெரிந்தது. டில்லியில் சர்க்கார் டெலிவிஷன் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது 1959 செப்டம்பர் 15-இல். சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். சர்க்கார் கொண்டுவருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மாணவர் அதைத் தம் கையால் செய்துவிட்டார்!

அந்தக் கைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பரம்பரை உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை மதியாதவர். ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்துத்தான் யந்திர சாஸ்திரம் கற்றார். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்து கொடுக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார். பொருளைத் திறந்து பார்த்தவனே அதற்குச் சொந்தக்காரன் என்பது அவருடைய வாழ்க்கை சொன்ன பாடம்.

உழவுச் சாலில் படத்தைக் கண்டவன் அமெரிக்கப் பையன். அதே படத்தைத் தறியில் காண்பவர்கள் சேலம் ஜில்லாவில் இருக்கிறார்கள். சேலத்துக்குத் தென்மேற்கே, இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலைக்கு அருகில், இளம்பிள்ளை என்ற ஊர் இருக்கிறது. சேலை வாங்கும் பெண்மணிகளுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருவில் நடந்தால் விசைத்தறியின் சடசடப்பு கூடவே நடந்து வரும்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் பழைய டெலிவிஷன் பெட்டி ஒன்று முதுகு திறந்து கிடந்ததைப் பார்த்தேன். "இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"கத்துக்க என்னங்க இருக்குது? தறி ஓட்டறவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. இதுவும் ஊடை ஊடையா நெய்யுதுங்க. ஒரு ஊடை நின்னு போனா எங்கே நின்னுதுன்னு தேடணும், அவ்வளவுதானுங்க" என்றார்.

எத்தனை சரியான வார்த்தை! நம் நாட்டு டெலிவிஷன் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள்; விநாடிக்கு 25 படங்கள். அதாவது கண்ணாடிக் குழாய்க்குள்ளே மின்னணுக் கற்றை என்கிற நாடா, ஒரு விநாடியில் 15,625 தடவை இடமிருந்து வலமாக ஓடிற்று. முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை நெய்து, பிறகு இடையில் விட்ட இரட்டைப்படைக் கோடுகளை நெய்தது. ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடம், துளை இல்லாத இடம் என்று பார்த்துப் பூ விழவைக்கும் ஊர்க்காரருக்கு, வெளிச்சம் உள்ள இடம், வெளிச்சம் இல்லாத இடம் என்று பார்த்து முகம் விழவைக்கும் யந்திரம் எப்படி அந்நியமாகும்?

1984-ஆம் வருஷத்தில் தேசமெங்கும் நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில் ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்த காலத்தில், ஊர்தோறும் கூரைமேல் அலுமினியக் கம்பிகள் முளைத்தன. யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1926-இல் வகுத்த அந்த ஆண்டெனாவைத் திருப்ப நம் வீடுகளில் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் கூரைமேல், ஒருவர் முற்றத்தில், ஒருவர் பெட்டிக்கு முன்னால். "தெரியுதா?" "இல்லை!" "இப்போ?" "போச்சு, போச்சு! பழைய இடத்துக்கே திருப்பு!" பழுது பார்க்கும் கல்வியில் இதுதான் அரிச்சுவடி.

அடுத்த பாடம் பெட்டியின் தலையில் தட்டுவது. இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் சூடேறி விரிந்தும், ஆறிச் சுருங்கியும், உள்ளே ஈயப் பற்று விரிசல் விடும். தட்டினால் விட்ட இடம் தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து மறுபடி ஈயம் வைத்தவர், தட்டுவதிலிருந்து வைத்தியத்துக்கு உயர்ந்தார்.

அந்த வைத்தியத்திலும் நாடி பார்ப்பது உண்டு. பெட்டி அடியோடு மௌனமானால் பியூஸையும் மின்சாரம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். படமெல்லாம் சுருங்கிக் குறுக்கே ஒற்றைக் கோடாக நின்றால், கோடுகளை மேலும் கீழும் பரப்புகிற பகுதியில் கோளாறு. பேச்சுக் கேட்டு உருவம் தெரியாவிட்டால், உயர் மின்னழுத்தம் தரும் பகுதியின் மேல்தான் முதல் சந்தேகம். பல பெட்டிகளோடு உள் அமைப்பின் வரைபடமும் சேர்ந்து வந்தது, ஜாதகம் மாதிரி. அடையாளங்களை முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பாதித் தொடர்கதையில் படம் நின்றால் நொடியும் பிசகாமல் சாட்சி சொல்ல அவர்களை விட்டால் யார்?

ஆனால் இது விளையாட்டுக் காரியமல்ல. வர்ணப் பெட்டியின் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடி மின்சாரத்தை உள்ளே பதுக்கி வைத்திருக்கும். பேர்டின் கையை வெந்துபோகச் செய்த அதே பிசாசு, அவசரக்காரனுக்காகக் காத்திருக்கும். ஆகையால் எதைத் தொடலாம் என்பதோடு, எதைத் தொடக் கூடாது, எப்போது கடைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அறிந்தவரே அதில் தேர்ந்தவராக இருந்தார்.

2006-இல் தமிழக அரசு இலவச வர்ணத் தொலைக்காட்சிகள் வழங்கத் தொடங்கியது. குடிசைக்குள்ளும் பெட்டி நுழைந்தது. அதோடு பழுதும் நுழைந்தது. கூலிக்காரர் வீட்டில் பெட்டி கெட்டால் பழுது பார்ப்பதா, சாப்பிடுவதா என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது பக்கத்து வீட்டுப் பையனின் திருப்புளிதான்.

இப்போது வந்திருப்பவை சப்பைப் பெட்டிகள். இவற்றிலும் பேச்சுக் கேட்டு உருவம் தெரியாமல் போவது உண்டு, காரணம்தான் வேறு. டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்த்துப் பிடித்தால் மங்கலாகப் படம் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் தரும் குட்டி விளக்குகளின் சரத்தில் ஒன்று அணைந்திருக்கும். ஒரு மணி அறுந்தால் மாலை முழுதும் போன கதை. இதைச் சரி செய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் வரைபடம் கிடைப்பது அரிது. உதிரிப் பாகம் அதைவிட அரிது. திரை உடைந்தால் புதுத் திரையின் விலை கிட்டத்தட்டப் புதுப் பெட்டியின் விலையே ஆகிவிடுகிறது. "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்பதே எங்கும் கேட்கும் உபதேசம்.

இதை உலகம் உணராமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் டெலிவிஷன்களுக்கான முக்கிய உதிரிப் பாகங்களை, அந்த ரகத்தின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஏழு வருஷம் கொடுத்தாக வேண்டும் என்று 2021 முதல் விதித்திருக்கிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது.

உரிமை என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் இளம்பிள்ளைக்காரருக்குச் சிரிப்பு வரும். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட அவர் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. தறியைத் திறக்கக் கூடாது என்று ஒருவன் சொன்னால், அது தம்முடைய தறியே அல்ல என்று அவருக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் முதுகைத் திறக்க முடியாத நாம் எதற்குச் சொந்தக்காரர்கள்? பெட்டிக்கா, ரசீதுக்கா?