மாகாணி

மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு, 1/16. வீசம் என்றும் சொல்வார்கள். பிரித்தால் மா + காணி. மா 1/20, காணி 1/80. கூட்டினால் 5/80, அதாவது 1/16. ஒரு பின்னக் கூட்டல் முழுதாகப் பெயருக்குள்ளேயே இருக்கிறது! பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியே ஆகவேண்டும்.

அரை, கால், அரைக்கால் என்பது பாதிபாதியாக இறங்கும் வரிசை. ஐந்தாகப் பங்கிட மாவும் காணியும் வேண்டும். முக்கால் படி எண்ணெயை ஐந்து வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு மும்மா படி, 3/20. இரு வரிசைக்கும் பொதுவான சிற்றலகு முந்திரி, 1/320: காலுக்கு 80 முந்திரி, மாவுக்கு 16, மாகாணிக்கு 20. நில அளவிலும், வேலி என்ற அளவின் இருபதில் ஒரு பங்கு மாதான். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில், ஓரணா என்பது மாகாணி ரூபாய்.