இராமானுசனும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகையும்
சீனிவாச இராமானுசன் 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பை அவரால் முடிக்க இயலவில்லை. ஆய்வு உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதியாக இருந்தது.

1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் இராமானுசனின் கணக்குகளைப் பார்வையிட்டு, அவருக்கு உதவுமாறு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். கணிதப் பாடக்குழு இதை ஏற்றது. ஆட்சிக்குழுவில் சிலர் விதியைக் காட்டி மறுத்தனர். எனினும், ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகச் சட்டத்தின் நோக்கமே என்ற வாதம் வென்றது.

1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தருவதே அவரது கடமை. எழுத்தர் வேலையிலிருந்து விடுபட்ட இராமானுசன் மூன்று அறிக்கைகள் அளித்தார். வரையறுத்த தொகையீடுகளை மதிப்பிடும் அவரது புதிய முறை அவற்றில் இடம்பெற்றது. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ச்சு புறப்பட்டார்.

இவ்விலக்கு தானாகக் கிடைத்ததன்று. வாக்கர், துறைமுகத் தலைவர் பிரான்சிசு இசுபிரிங் போன்ற செல்வாக்குள்ளோரின் பரிந்துரை அதற்குத் தேவைப்பட்டது. அத்தகைய துணையில்லாத திறமையாளருக்கு அதே விதி மூடிய கதவாகவே இருந்தது.