குடக்கணக்கும் மீட்டர் கணக்கும்

காவிரி டெல்டாவில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்களோடுதான் பேசுவார்கள். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, திறக்கும் நாள் ஜூன் 12, பிலிகுண்டுலுவில் வந்த டிஎம்சி, கல்லணையில் விட்ட கனஅடி. 1892, 1924 ஒப்பந்தங்களும், 1991 இடைக்கால ஆணையின் 205 டிஎம்சியும், 2007 இறுதித் தீர்ப்பின் 192 டிஎம்சியும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்து வைத்த 177.25 டிஎம்சியும் டீக்கடை பெஞ்சில் ஒப்பிக்கப்படுகின்றன. அணையின் அன்றைய நீர்மட்டம் நாள்தோறும் நாளிதழில் வருகிறது. அதே ஊரில் ஒரு வீட்டின் சமையலுக்கும் குளியலுக்கும் துவைப்புக்கும் எத்தனை குடம் போயிற்று, அதை யார் எத்தனை நடை சுமந்தார்கள் என்ற எண் நாளிதழில் வருவதில்லை.

நெல்லுக்குப் போகும் தண்ணீர் ஆண்களின் அரசியலாகவும் வீட்டுக்கு வரும் தண்ணீர் பெண்களின் வேலையாகவும் பிரிந்து கிடக்கும் இந்த நிலத்தில், வீட்டுக் குழாயில் மீட்டர் பொருத்துவது நியாயமா என்ற கேள்வியைப் பில் தொகையோடு மட்டும் பேசி முடித்துவிட முடியாது. இதுவரை எந்தத் தண்ணீர் அளக்கப்பட்டது, எது அளக்கப்படாமல் விடப்பட்டது என்ற வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த வரலாற்றைப் பூம்புகாரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல. காவிரி கடலைத் தொடும் இடம் அது. ஆற்றின் கடைசி ஊர், எனவே தண்ணீரின் கடைசி ஊர். பட்டினப்பாலையைப் பாடம் நடத்துகிறவர்கள் (நானும் சேர்த்துத்தான்) துறைமுகத்தில் குவிந்த சரக்கையும், அதற்குச் சுங்கம் கொண்டு புலி முத்திரை இட்ட அதிகாரிகளையும் விரித்துப் பேசுவோம். அதே பாட்டில் ஊருக்கு வெளியே இருந்த புறச்சேரியில் பன்றிகளும் கோழிகளும் திரிகிற இடத்தில் உறைகிணறு இருந்ததாக ஒரு குறிப்பு வரும். அதை உரைக்குறிப்போடு கடந்துவிடுவோம். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மணலுக்குள் இறக்கும் கிணறு அது. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேல் மணலில் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். அதற்குக் கீழே உப்பு. உறைகிணறு அந்தப் படலத்தை நம்பி இறக்கியது. 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் வாணகிரியில் வாய்க்காலோடு கூடிய ஒரு நீர்த்தேக்கமும் வெளிவந்தன. படகுத்துறை வரலாற்றுப் பாடத்தில் ஏறிவிட்டது. நீர்த்தேக்கத்தைப் பற்றி என் மாணவியர் யாரும் பள்ளியில் படித்துவிட்டு வந்ததில்லை.

காலனி ஆட்சி வந்த பிறகு தண்ணீர் வருவாயாயிற்று. 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையையும் கீழணையையும் கட்டினார். 1865இல் சென்னை மாகாணத்தில் பாசன வரிக்கென்றே சட்டம் வந்தது. ஆனால் அந்த வரியும் சரி, தஞ்சை நன்செய்யின் தீர்வையோடு கலந்திருந்த தண்ணீர் விலையும் சரி, ஏக்கர் கணக்கில் வாங்கப்பட்டவை. வாய்க்கால் மடையில் ஒருவருடைய வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று அளந்து யாரும் பணம் கேட்கவில்லை. பிறகு பம்புசெட் வந்தது. 1970களில் கோவைப் பக்கத்தில் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டங்களையும் துப்பாக்கிச் சூடுகளையும் தமிழ்நாடு மறக்கவில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. வயலில் மீட்டர் என்ற பேச்சை எடுத்தாலே எந்த அரசும் இன்றுவரை பின்வாங்குகிறது.

அந்தப் போராட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மீட்டர் இல்லாத தண்ணீர் ஒரு மரபுரிமையாகிவிட்டது. அந்த நிலத்தில் நாற்று நட்டுவிட்டு வீடு திரும்பி, தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்குத்தான் மீட்டர் முதலில் வரப்போகிறது என்றால், அந்த முரணைப் பேசாமல் சிக்கனம் பற்றி மட்டும் அவளுக்குப் பாடம் எடுக்க முடியாது.

குடிநீருக்குத் தனி வாரியம் 1971இல்தான் வந்தது. மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் அடிபம்பும் அதன் பிறகு ஊர் ஊராகப் பரவின. டெல்டாவின் கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டே வந்ததால், கொள்ளிடத்தில் தண்ணீர் எடுத்து நெடுந்தூரம் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தேவைப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மிச்சமிருந்த கிணறுகளிலும் உப்பேறியது. உறைகிணற்று ஊர், ஆற்றின் வேறொரு கிளையிலிருந்து குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்கும் ஊராயிற்று.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்குக் கொஞ்சம் மேல். பெண்கள் வெகுகாலமாகவே தண்ணீரை இப்படித்தான் அளந்து வருகிறார்கள்: சோற்றுக்கு ஒரு குடம், மாட்டுக்கு இரண்டு, துணி நாளில் ஆறு, வீட்டில் பிரசவமோ வயிற்றுப்போக்கோ என்றால் கணக்கே இல்லை. அளவு தெரியாதவர்களுக்கு அளவைக் கற்றுக்கொடுக்க வரும் கருவி மீட்டர் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

அப்படியானால் மீட்டர் வேண்டாமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அது இல்லாததால் இன்று யாருக்கு லாபம் என்று பார்க்கவேண்டும். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குழாயோடு நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சி மாடித் தொட்டியை நிரப்பும் வீடும், கடைசித் தெருவில் நூலாய் ஒழுகும் குழாயில் குடம் வைத்திருக்கும் வீடும் ஊராட்சிக்குக் கட்டுவது ஒரே மாதக் கட்டணம். அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் எந்தச் சாதியின் தெரு என்று தமிழ்நாட்டில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு வீட்டிலும் மீட்டர் இருந்தால் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது எழுத்தில் வரும். “எங்க தெருவுக்குத் தண்ணியே வரல” என்ற பெண்ணின் குரல் புகாராகத்தான் கேட்கப்படுகிறது; மீட்டர் அதைச் சான்றாக மாற்றும். எனக்கு மீட்டர் மீதுள்ள ஈர்ப்பு இது ஒன்றுதான்.

ஆனால் கருவியின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மீட்டருக்குள் ஒரு சிறு சக்கரம் சுற்றுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் நிற்கும் குழாய்க்காகச் செய்யப்பட்டது அது. நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு நாளுக்கு ஒரு முறையோ தண்ணீர் விடும் ஊரில், தண்ணீருக்கு முன்னால் குழாயில் அடைபட்ட காற்று வந்து சக்கரத்தைச் சுற்றும். காற்றுக்கும் பில் வரும். மிக மெல்லிய ஒழுக்கு சக்கரத்தை அசைக்காமலே போய்விடுவதும் உண்டு. தண்ணீர் ஒழுங்காக வராத இடத்தில் வீட்டு மீட்டர் உண்மை பேசாது.

காவிரியின் மேல்கையில் இருக்கும் பெங்களூரை இங்கே பார்க்கலாம். 2018 தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 அந்த நகரத்தின் குடிநீருக்காக. வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் பரவலாக உள்ள இந்திய நகரங்களில் அது முன்னணியில் இருக்கிறது. அதிகம் பயன்படுத்தினால் லிட்டருக்கான விலையும் ஏறும். ஆனாலும் 2024 கோடையில் நகரின் விளிம்பில் இருந்தவர்கள் லாரித் தண்ணீருக்கு அலைந்தார்கள். பின்னால் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. இணைப்பு உள்ளவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று மீட்டர் சொல்லும். இணைப்பே இல்லாதவர்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அடுத்தது, மீட்டருக்கு வீடுதான் தெரியும், வீட்டுக்குள் இருக்கும் தலைகள் தெரியாது. டெல்லியில் 2015 முதல் மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம். அதைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம். நான்கு பேர் வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 166 லிட்டர். பத்துப் பேர் கூட்டுக் குடும்பத்தில் 66. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் ஃபிரி பகுதியில் முன்பணம் கட்டினால்தான் திறக்கும் மீட்டரை மாநகராட்சி பொருத்தியது. மாதம் 6 கிலோலிட்டர் இலவசம், பிறகு பணம் போடாவிட்டால் குழாய் தானே நின்றுவிடும். எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். ஒரே மனையில் கொல்லைக் குடிசைகளோடு இருபது பேர் இருந்தால் 10 லிட்டர். லிண்டிவே மசிபுகோ என்ற பெண் முதல் மனுதாரராக நின்று தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்றது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறு. 1989இல் தண்ணீர் தனியார் கைக்குப் போன பிறகு, இதே போன்ற முன்பணக் கருவியை 1998இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. பணம் கட்டாத வீட்டின் குடிநீரைத் துண்டிப்பதை 1999 சட்டம் தடை செய்தது. அரசு உதவி பெறும் குடும்பத்தில் மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அதிகத் தண்ணீர் கேட்கும் நோய் இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் பில்லுக்கு உச்சவரம்பு உண்டு. துணி துவைப்பதும் நோயாளியைக் கழுவுவதும் வீண்செலவு அல்ல என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் அந்த ஒப்புதல் இல்லாமல் மீட்டர் வந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. இணைப்பு கணவன் பெயரில், பில் கணவன் பெயரில். “இவ்ளோ தண்ணிய என்னதான் பண்றே?” என்ற கேள்வி மட்டும் மனைவி பெயரில். மாதவிடாய் நாளில் வயதுக்கு வந்த மகள் எத்தனை குவளை ஊற்றினாள் என்பதுவரை அது போகும்.

கோவையில் 2018இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது எழுந்த எதிர்ப்பு, மீட்டர் யார் கையில் இருக்கும் என்ற அச்சம்தான். கிராமத்தில் இப்போதைக்கு அது ஊராட்சியின் கையில் இருக்கிறது. கட்டணத்தை ஊராட்சியே நிர்ணயித்து வசூலிக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் வழிகாட்டுதல். கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த இரண்டாவது விதியைப் பயன்படுத்த முதலாவது விதி இடம் தருகிறது. முதல் மீட்டர் வீட்டில் வேண்டாம். கொள்ளிடக் குழாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, தொட்டியின் வாயில் ஒன்று, ஒவ்வொரு தெருவின் தலைப்பிலும் ஒன்று என்று பெண்கள் கேட்கலாம். மேட்டூர் நீர்மட்டம் போல அந்த எண்களும் ஊராட்சிப் பலகையில் தினமும் எழுதப்படட்டும். கடைசித் தெருவுக்கு ஆளுக்கு 55 லிட்டர் ஒரு வருஷம் விடாமல் வந்த பிறகு வீட்டு மீட்டரைப் பேசலாம். அப்போதும் கணக்கு தலைக்கு இத்தனை என்றுதான் இருக்க வேண்டும். குழாயை அடைக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 2021இல் ஒடிசாவின் பூரி நகரம் குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீரை நாள் முழுதும் தரத் தொடங்கியது. அங்கே மீட்டரைப் படிப்பதும் பில் கொடுத்துப் பணம் வாங்குவதும் தண்ணீரைப் பரிசோதிப்பதும் ‘ஜல் சாத்தி’ எனப்படும் சுய உதவிக் குழுப் பெண்கள். பெண்ணுக்கு வெளியே ஒரு வேலை, கையில் ஒரு கருவி, வீட்டு வாசலில் ஒரு மரியாதை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, வசூலை ஒட்டிய ஊக்கத்தொகை. நம் கிராமங்களிலும் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் ஏற்பாடு. நாளை மீட்டர் வந்தால் அதைப் படிக்கும் வேலையும் அவர்களிடமே வரும். அது மாதச் சம்பளமுள்ள வேலையா, இல்லை குடம் தூக்கியது போலவே கணக்கில் வராத இன்னொரு வேலையா என்பதைக் கேட்க ஒரு நாள் இருக்கிறது. மார்ச் 22, உலக தண்ணீர் நாள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் அன்றைக்குக் கிராம சபை கூட வேண்டும் என்பது ஏற்பாடு.