அம்மை குத்துதலும் தடுப்பூசியும்: பொம்மனஹள்ளியை முன்வைத்து

‘தடுப்பூசி’ என்னும் சொல் இன்று யாவரும் அறிந்தது. முந்தைய தலைமுறையினர் இதனை ‘அம்மை குத்துதல்’ என்றனர். குத்தப்படும் மருந்தினை ‘அம்மைப்பால்’ என்றனர். நோயின் பெயரே அதன் மருந்துக்கும் ஆகிவந்தது. பழைய தொடர் செயலைச் சுட்ட, புதிய சொல் பயனைச் சுட்டுகிறது. ஆயின், தடுக்கப்படுவது தொற்றா, இறப்பா என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை. பெங்களூரின் தென்பகுதியாகிய பொம்மனஹள்ளியில் கொரோனா பரவிய காலத்தை நோக்குவார்க்கு இவ்வினா முதன்மையானது. அதற்குமுன் பெரியம்மையின் வரலாற்றைக் காண்டல் வேண்டும்.

எட்வர்டு ஜென்னர் 1796-இல் கண்ட முறை 1802-இல் பம்பாயை அடைந்தது. மைசூர் அரண்மனைப் பெண்டிர் மூவரைத் தாமஸ் ஹிக்கி 1805-ஐ ஒட்டித் தீட்டிய ஓவியம், அம்மை குத்துதலை மக்களிடையே பரப்பும் நோக்குடையது என நைஜல் சான்சலர் கருதுகிறார். அரச குடும்பமே முன்வந்தாலன்றி மக்கள் கை நீட்டார் என்பதை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர் போலும். எனினும், பெரியம்மை நாட்டைவிட்டு அகல ஒன்றேமுக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1962-இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு அம்மை குத்துவதை இலக்காகக் கொண்டது. ஆயினும் 1974-இல் இந்தியாவில் 1,88,003 பேர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. எஞ்சியோர் நெருங்கி வாழ்ந்த இடங்களில் நோய் நிலைத்தது. வீடுதோறும் நோயாளரைத் தேடி, அவரைச் சூழ்ந்திருந்தோர்க்கு உடன் அம்மை குத்திய பின்னரே 1975 மே மாதத்தோடு அது முடிவுற்றது. பெரியம்மை முகத்தில் தெரியும், விலங்குகளிடம் தங்காது, ஊசி தொற்றையே தடுக்கும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் ‘தடுப்பு’ என்னும் சொல் அங்கு முழுப்பொருளில் பொருந்திற்று.

கொரோனாவின் இயல்பு வேறு. ஓசூர்ச் சாலையில் ஆயத்த ஆடை ஆலைகளும் அடுக்கக வீடுகளும் மிடைந்த பொம்மனஹள்ளி, 2007-இல் பெங்களூர்ப் பெருநகர மாநகராட்சியோடு இணைந்து பின்னர் அதன் எட்டு மண்டலங்களுள் ஒன்றாயிற்று. 2021 பிப்ரவரியில் அம்மண்டலத்துப் பிலேகஹள்ளியில் ஓர் அடுக்ககத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர்க்குத் தொற்று உறுதியாயிற்று. அவருள் பெரும்பாலார் முதியோர். முதியோர்க்கான ஊசி தொடங்கியதோ மார்ச் 1-இல். ஆலைத் தொழிலாளர் போன்ற இளவயதினர்க்கு அது இன்னும் தாழ்ந்தே வந்தது. கர்நாடகத்தில் மே மாதம் தொடங்கி, சில நாள்களிலேயே பற்றாக்குறையால் நிறுத்தப்பட்டது.

ஊசியின் விளைவை நகர, மாநில அளவிலான எண்களே காட்டுகின்றன. 2021 ஏப்ரல் 30 அன்று பெங்களூரில் 26,756 பேர்க்குத் தொற்று. கர்நாடகத்தில் 217 இறப்பு. மே மாதத்தில் மாநிலத்தின் ஒருநாள் இறப்பு அறுநூற்றைக் கடந்ததும் உண்டு. 2022 சனவரி 20 அன்று நகரில் தொற்று 30,540 எனக் கூடியது. மாநிலத்தில் இறப்போ 29. இறப்பு தொற்றுக்குச் சில வாரம் பிந்தியே வரும் என்பதால் இவ்விரு நாள்களை மட்டும் ஒப்பிடல் சாலாது. எனினும், பின்வந்த வாரங்களிலும் இறப்பு முந்தைய அலையின் அளவை எட்டவில்லை. இதற்கு ஊசி ஒன்றே காரணம் எனல் மிகைக்கூற்றாகும். ஓமைக்ரான் வகையின் கடுமைக்குறைவும், முன்பு தொற்றுற்றோர் பெற்ற எதிர்ப்பாற்றலும் உடன் நின்றன. நாட்டின் வயதுவந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் அதற்குள் இருமுறை ஊசி செலுத்திக்கொண்டிருந்தனர் என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தொற்றின் எண்ணிக்கையை மட்டும் கண்டோர் ஊசி பயனற்றது என்றனர். பெரியம்மைக்குப் பொருந்திய பொருளையே அச்சொல்லில் அவர்கள் தேடினர். ஊசி இங்குப் பெரிதும் தடுத்தது நோய் முற்றுதலையும் இறப்பையுமே. தொற்றைத் தடுக்கும் ஆற்றல் சில திங்களில் குறைந்தது. ‘அம்மை குத்துதல்’ என்னும் பழந்தொடர் இத்தகைய எதிர்பார்ப்பு எதனையும் எழுப்பியதில்லை.