சாயம் போனால்தான் அசல்

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கைலி வாங்குகிறவர் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வார். துணியைப் பிரித்து, மூட்டுகிற இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேருகிறதா என்று பார்ப்பார். அப்புறம், "சாயம் போவுமாண்ணா?" என்று கேட்பார். போகும் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வியாபாரம் அங்கேயே முடிந்தது.

இதே ஜாதிக் கட்டம் 1964-ஆம் ஆண்டு கோடையில் டோக்கியோவின் கின்சா கடைவீதியில் சட்டையாக உலவியது. அங்கே மியுகி என்றொரு தெரு. மாலை நேரங்களில் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். கழுத்துப்பட்டியில் பொத்தான் வைத்த சட்டை, மெட்ராஸ் கட்டம், கணுக்கால் தெரியும் அளவுக்குத் தூக்கித் தைத்த வெள்ளை அல்லது காக்கி கால்சட்டை, கையில் ஒரு காகிதப் பை. அந்தக் காலத்து ஜப்பானில் மாணவன் என்றால் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடைதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு இப்படி வந்து நிற்பதே பெரிய துணிச்சல். வேறு எதையும் அவர்கள் செய்யவில்லை. நின்றார்கள், நடந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு 'மியுகி ஸோகு', அதாவது மியுகிக் கூட்டம் என்று பெயர் சூட்டின.

அக்டோபர் 10-ஆம் தேதி ஒலிம்பிக் தொடங்க இருந்தது. உலகமே வந்து பார்க்கப்போகும் தெருவில் இப்படியொரு கூட்டமா என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று போலீஸ் இறங்கியது. சுமார் 200 பேரை மடக்கி, 85 பேரை சுகிஜி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானிய இளைஞர் தெரு நாகரிகம் என்று இன்று உலகம் கொண்டாடும் ஒன்றின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று இது. அதில் நம் கடற்கரை ஊரின் பெயரைத் தாங்கிய கட்டமும் இருந்தது.

பையன்களுக்கு இந்த ருசியைக் காட்டியவர் கென்சுகே இஷிஸு. 'வான்' என்ற ஆயத்த ஆடை நிறுவனத்தை நடத்தியவர். அமெரிக்காவின் பழம்பெரும் கல்லூரிகளின் மாணவர்கள் உடுத்தும் உடையை 'ஐவி' என்ற பெயரில் ஜப்பானுக்குக் கொண்டுவந்து விற்றார். கின்சாவில் கூட்டம் பெருகியபோது, பையன்களுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள் என்று போலீசார் போய் நின்றதும் இவரிடம்தான்.

அந்த அமெரிக்க மாணவர்களிடையே மெட்ராஸ் கட்டம் எப்படிப் பரவியது? அது ஒரு விபத்தின் கதை.

1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் சென்னைக்கு வந்தார். கண்ணூர்க்காரரான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அவருக்குக் கட்டம் போட்ட கைத்தறித் துணியைக் காட்டினார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் கலந்த வாடை வீசும் துணி. கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசினார்கள். குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்க வேண்டும், முதல் சலவைகளில் சாயம் இறங்கும் என்று நாயர் எச்சரித்தாராம். ஜேக்கப்சன் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றபோது அந்த எச்சரிக்கையைச் சேர்த்து விற்க மறந்துவிட்டார். வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சிவப்பு நீலத்தில் இறங்கியது, நீலம் மஞ்சளில் இறங்கியது, கூடவே கிடந்த வெள்ளை உள்ளாடைகளும் தப்பவில்லை. புகார்மேல் புகார்.

வழக்கு, நஷ்டஈடு என்று போயிருக்க வேண்டிய விவகாரம். 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் பத்திரிகை அதைத் திருப்பிப்போட்டது. இந்தியாவிலிருந்து வந்த அதிசயத் துணி, ஒவ்வொரு சலவையிலும் நிறம் ஒன்றோடொன்று கலந்து புதுசாகும் என்று பக்கம் பக்கமாக எழுதியது. 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்ற பொருளில் விளம்பர வாசகமே வந்தது. வெளுக்க வெளுக்க மதிப்பு ஏறியது. சாயம் போகாத துணி போலி என்றானது. இதைப் பிற்காலத்தில் ரசித்துச் சொல்லிவந்தவர் லீலா ஓட்டல்களின் அதிபராகிவிட்ட நாயரே. சொன்னவர் வியாபாரி, கதைக்கும் கொஞ்சம் சாயம் ஏறியிருக்கலாம். ஆனால் 1960-களில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மெட்ராஸ் சட்டை பரவியது உண்மை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பழம்பெரும் கல்லூரிகளில் ஒன்று யேல். புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து செல்வம் சேர்த்த எலிஹு யேல், 1718-இல் அந்தக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். பொதிகளில் துணிகளும் இருந்தன. விற்றதில் 500 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. மெட்ராஸ் சட்டை அந்த வளாகத்துக்குள் நுழைவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே மெட்ராஸ் பணம் நுழைந்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையைத் தேடி வந்ததற்கே துணிதான் காரணம். இங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 மலிவு என்று 1639-இல் பிரான்சிஸ் டே எழுதினார். நெசவாளர்களைக் குடியேற்றி 1734-இல் உருவாக்கிய சின்னத்தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. தறி பட்டணத்தில் மட்டும் ஓடவில்லை. பொன்னேரிப் பக்கத்து ஊர்கள், ஆந்திரத்தின் சீராலா என்று கட்டத் துணியின் நிலம் விரிந்து கிடந்தது. பொன்னேரியும் உத்திரமேரூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை.

கட்டம் நெய்வதில் சூட்சுமம் முழுக்க நூலிலேயே இருக்கிறது. நெய்த பிறகு சாயம் தோய்ப்பதில்லை. நூலை முதலிலேயே தோய்த்து, பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்று எண்ணி ஓட்டி, ஊடையிலும் அதே கணக்கில் நாடாவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஓர் இழை தப்பினால் கட்டம் கோணும். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. நூலிலேயே நிறம் ஏறியிருப்பதால் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் கிடையாது.

இந்தப் பேதமின்மையை நெய்தவர்களைவிட நன்றாகப் பயன்படுத்தியவர்கள் நைஜீரியாவின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள். 36 அங்குலச் சதுரக் கைக்குட்டைகளாக இங்கிருந்து போன துணியை அவர்கள் 'இஞ்ஜிரி' என்றார்கள். கலபாரிப் பெண்கள் பிளேடால் இழைகளை அறுத்து ஒவ்வொன்றாக உருவி, கட்டத்துக்குள் புதிய கோலத்தை உண்டாக்கினார்கள். நெய்ததைக் குறைத்து அழகாக்குகிற கலை! பிறந்த குழந்தையை ஏந்துவதும் இந்தத் துணியில், பெரியவர் இறந்தால் சடலம் கிடத்திய அறையை அலங்கரிப்பதும் இதே துணியால். நைஜீரியாவின் மற்ற பகுதிகளில் இந்தியத் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். புனித ஜார்ஜ் கோட்டையின் ஜார்ஜ்தான் அது என்பார்கள். கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் பெண்கள் மெட்ராஸ் துணியைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். ஒரு முனை தூக்கி நின்றால் மனம் காலியாக இருக்கிறது, மூன்று முனை என்றால் மணமானவள் என்று ஊருக்கே தெரியும்.

ஜப்பானுக்கும் இது முதல் பயணம் இல்லை. எடோ காலத்தில், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பலில் கொண்டுபோன சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்று அழைத்தார்கள். மயிலாப்பூரை ஒட்டிய நம் சாந்தோம்தான். பட்டும் பகட்டும் கூடாது என்று நகரத்து வணிகர்களுக்கு அரசு கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. தூரதேசத்து மெல்லிய கோட்டுத் துணி, பார்வைக்கு அடக்கம், விலையில் அட்டகாசம். ரசனைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? பின்னாளில் ஜப்பானியத் தறிகளே அதைப் போல நெய்யத் தொடங்கின. சாந்தோமே என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆக, ஜப்பானியர் வாயில் சாந்தோம், நைஜீரியர் வாயில் ஜார்ஜ் கோட்டை, அமெரிக்கர் வாயில் மெட்ராஸ். ஒரே பட்டணத்தின் மூன்று பெயர்கள் துணி வழியாக மூன்று கண்டங்களில் புழங்கின. உள்ளூரில் மட்டும் துணிக்கு ஊர்ப்பெயர் கிடையாது. கைலி, அவ்வளவுதான்.

மியுகிக் கூட்டம் கலைந்தது, ஐவி கலையவில்லை. இஷிஸுவின் ஆட்கள் அமெரிக்கா போய், கல்லூரி வளாகங்களில் மாணவர்களைப் படமெடுத்து 1965-இல் 'டேக் ஐவி' என்ற புத்தகமாக வெளியிட்டார்கள். வான் நிறுவனம் 1978-இல் திவாலானது. தெரு நாகரிகம் கின்சாவை விட்டு ஹராஜுகுவுக்கு நகர்ந்தது. அங்கே நடமாடிய வண்ணமயமான பிள்ளைகளை ஷோய்ச்சி அவோகி 1997 முதல் 'ஃப்ரூட்ஸ்' பத்திரிகையில் படமெடுத்துப் போட, உலகமே திரும்பிப் பார்த்தது. 2010-இல் 'டேக் ஐவி' ஆங்கிலத்தில் அமெரிக்காவிலேயே வெளிவந்தது. தாத்தாக்கள் உடுத்தியதைப் பேரன்கள் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

1996-இல் மெட்ராஸ் என்ற நகரம் சென்னை ஆனது. சட்டைகளில் பெயர் மாறவில்லை. ஜப்பானியத் துணிக்கடைகளில் இன்றும் 'மதொராசு செக்கு' உண்டு. 1985-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் லுங்கியைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி வைத்தது. ஆனாலும் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி விசைத்தறிச் சரக்கு. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கைத்தறி என்றால் பட்டுதான். வேட்டிக்கு இருக்கும் மதிப்பே வேறு. கிரிக்கெட் கிளப் ஒன்று நீதிபதி ஒருவரை வேட்டியோடு உள்ளே விட மறுத்ததும் 2014-இல் தமிழகச் சட்டமன்றமே அதற்கென்று சட்டம் இயற்றியது. கைலிக்காரருக்கு அப்படியொரு மனத்தாங்கல் வந்ததாகத் தெரியவில்லை. அவர் அதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கும் கழனிக்கும் போகிறார். கல்யாணத்துக்கு என்றால் தானாகவே வேட்டிக்கு மாறிவிடுகிறார்.

உத்திரமேரூர்க் கடையில் பேரம் இன்னும் முடியவில்லை. "போவாதுங்க, கேரண்டி" என்கிறார் கடைக்காரர். வாங்க வந்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விரலை நனைத்து, கைலியின் ஒரு மூலையில் சிவப்புக் கட்டத்தை அழுத்தித் தேய்க்கிறார்.