கொல்லைப்புற வானமும் இருகண்நோக்கியும்

பைனாகுலர் என்று பேச்சில் வழங்கும் இருகண்நோக்கி வானியலுக்கென உருவான கருவி அன்று. நாடக அரங்கிலும் கப்பல் தளத்திலும் போர்க்களத்திலும் பயன்பட்ட பின்னரே அது விண்மீன்களின் பக்கம் திரும்பியது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்க இதழாளர் காரெட் செர்விஸ், மேடையில் நிற்கும் நடிகரைத் தொலைவிலிருந்து காண உதவிய சிறு இரட்டைக் குழல் கண்ணாடியைக் கொண்டே விண்மீன் கூட்டங்களை அறிந்துகொள்ளலாம் என்று பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். அக்கண்ணாடி பொருள்களைச் சில மடங்கே பெரிதாக்கியது; அதில் தெரிந்த வானப் பரப்பும் குறுகியது. இக்குறையைத் தீர்க்கும் வழியை, இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இலேயே கண்டு காப்புரிமை பெற்றிருந்தார். பட்டகம் எனப்படும் முக்கோண வடிவக் கண்ணாடிகளால் ஒளியை மடக்கி, தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தி, நீண்ட குழலைக் கைக்கடக்கமாக்குவதே அவ்வழியாகும். ஆயினும், அதற்கேற்ற தரமான கண்ணாடி அன்று கிட்டாமையால் அவரது எண்ணம் முழுமை பெறவில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அப்பேயின் வழிகாட்டலில் இயங்கிய சைஸ் நிறுவனம் 1894இல் அதே அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் இன்றைய பைனாகுலர் பிறந்தது எனலாம்.

இக்கருவியின் மீது பொறிக்கப்படும் 7×50, 10×50 போன்ற குறியீடுகளில் முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முகப்பு வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. இரண்டாம் எண்ணை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது, கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டமாகும். இருளில் மனிதக் கண்பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும் என்பதால், இரவுக் காவலில் இருந்த கடற்படையினர் 7×50 வகையைப் பெரிதும் கையாண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியான அத்தகைய கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்து பொழுதுபோக்கு வானியலாளர் பலரின் கைகளை அடைந்தன. ஆனால், விளக்கொளி படர்ந்த வானத்தின் கீழ் அதே கணக்கு வேறு விதமாக அமைகிறது. 7×50 வழியே பார்க்கும்போது வானப் பின்புலம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவே வெளிறித் தோன்ற, 10×50 அப்பின்புலத்தின் பொலிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. புள்ளியாகவே தோன்றும் விண்மீனோ உருப்பெருக்கத்தால் மங்குவதில்லையாதலால், மங்கிய பின்புலத்தின் மேல் அது எடுப்பாகத் தெரிகிறது. நகரத்தில் வெறுங்கண்ணுக்கு அகப்படாத பூச நட்சத்திரக் கொத்து பைனாகுலரில் பல விண்மீன்களாகப் பிரிவதற்கும், பரந்து மங்கிய ஒளியுடைய அண்டங்கள் அதே கருவியில் நடுப்பகுதி மட்டுமாகச் சுருங்கிவிடுவதற்கும் காரணம் இதுவே.

பைனாகுலரால் வானை நோக்கும் வழக்கத்தின் உச்சத்தை, இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1912இல் பிறந்து, அதனருகே ஃபார்செட் என்னும் ஊரில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக்கின் வாழ்க்கையில் காணலாம். 1953இல் வால்வெள்ளிகளைத் தேடத் தொடங்கிய அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக எதுவும் கிட்டவில்லை. 1959 ஆகஸ்டில், 25×105 அளவுள்ள பெரிய பைனாகுலரால் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு வால்வெள்ளிகளை அவர் கண்டுபிடித்தார்; 1894க்குப் பின் பிரிட்டனிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்வெள்ளி அவற்றுள் முந்தியதாகும். பின்னர் அவர் நோவாக்களையும் தேடலானார். நோவா என்பது, அதுவரை புலப்படாதிருந்த விண்மீன் திடீரென வெடித்துப் பன்மடங்கு ஒளிர்வதாகும். வால்வெள்ளி புகைபோன்ற தோற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்க, நோவாவோ மற்ற விண்மீன்களைப் போன்றே தோன்றுவதால், அவ்விடத்தில் முன்பு விண்மீன் இல்லை என்பதை அறிந்தவரே அதை இனங்காண முடியும். இதற்காக ஏறத்தாழ 30,000 விண்மீன்களின் அமைப்பை ஆல்காக் மனத்தில் பதித்துக்கொண்டார் என்பர். தமிழர் அவிட்டம் என வழங்கும் விண்மீன்களைக் கொண்ட டெல்பினஸ் கூட்டத்தில் 1967 ஜூலையில் அவர் கண்ட நோவா, மாதக்கணக்கில் ஒளிர்ந்து வானியலாளரின் நீண்ட ஆய்வுக்கு இடமளித்தது.

1983 மே மாதத்தில், வீட்டுக்குள் இருந்தபடியே மூடிய சன்னல் வழியாக அவர் கண்ட வால்வெள்ளி, ஐராஸ் செயற்கைக்கோளின் பெயரோடும் ஜப்பானியரான அராக்கியின் பெயரோடும் சேர்த்து ஐராஸ்-அராக்கி-ஆல்காக் என அழைக்கப்படுகிறது. அது பூமிக்கு ஏறத்தாழ 47 லட்சம் கிலோமீட்டர் அருகில் கடந்து சென்றது. 1991இல், தம் 78ஆம் வயதில், இரட்டைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னிருந்து 10×50 பைனாகுலரால் ஹெர்குலிஸ் கூட்டத்தில் மற்றொரு நோவாவையும் அவர் கண்டுபிடித்தார். மலையுச்சிகளில் மாபெரும் தொலைநோக்கிகள் இயங்கிய காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணுகையில், வானத்தோடு கொண்ட நெடுநாள் பழக்கமே அவரது முதன்மைக் கருவியாக இருந்தது என்பது தெளிவாகும்.

ஆனால் அப்பழக்கம் உருவாவதற்கு முதலில் வானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1967இல் பீட்டர்பரோ, அரசின் புதுநகரத் திட்டத்துள் சேர்க்கப்பட்டு விரிவடைந்ததைப் போலவே இங்கிலாந்தின் பல ஊர்களும் பெருகின. சாலை விளக்குகளின் ஒளி காற்றிலுள்ள துகள்களில் பட்டுச் சிதறி வானத்தையே வெளிறச் செய்யும் ஒளி மாசு அவற்றோடு கூடியது. இதை எதிர்த்து பிரிட்டிஷ் வானியல் சங்கத்தினர் 1989இல் இருள்வானப் பரப்புரையைத் தொடங்கினர். 2001இல் அமெரிக்கரான ஜான் போர்ட்டில், மாசற்ற இருளை ஒன்றாகவும் மாநகர வானத்தை ஒன்பதாகவும் கொண்ட அளவுகோலை வகுத்தார். 2016இல் வெளியான உலக வரைபடம், மனிதருள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவராகிவிட்டனர் என்று காட்டியது.

இழந்த வானத்தில் ஒரு பகுதியைப் பைனாகுலர் மீட்டுத் தருகிறது. கார்த்திகையின் ஆறு மீன்கள் நகரத்து மாடியிலும் அதன் வழியே பல பத்தாகப் பெருகுகின்றன. எனினும் அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நீளும் பால்வீதியை எந்த வில்லையாலும் திருப்பித் தர இயலாது. அதைத் தரவல்லது, தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் நிலத்தில் மட்டும் விழும்படி அமைக்கப்படும் மூடியே ஆகும். ஆல்காக் மனப்பாடமாக அறிந்த வானத்தை இனிவரும் குழந்தையொன்றும் தன் கொல்லையில் நின்றே கற்றுக்கொள்ள வேண்டுமானால், கையிலுள்ள கருவியும் தெருவிலுள்ள அம்மூடியும் ஒருங்கே தேவைப்படுகின்றன.