தோலில் எழுதிய மறை

பாலாற்றுப் பகுதியிலுள்ள வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர் பெற்றவை. பச்சைத்தோலை உப்பிட்டுக் காத்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஊனுங் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரிலிட்டுப் பதஞ்செய்தல் ஆண்டு வழங்கிய பழைய முறையாம். பிற்காலத்தே குரோமிய உப்பினாற் பதனிடும் முறை மிகுந்தது. இத்தொழிலின் நாற்றத்தையும் இறந்த விலங்கின் தொடர்பையுங் கருதி, இதனைச் செய்வாரை ஊர்ப்புறத்தே ஒதுக்கிய வழக்கம் தமிழகத்தில் நெடுநாள் நிலவிற்று. அங்ஙனம் இழிந்ததென எண்ணப்பட்ட தோலையே தம் மறைக்கு இருப்பிடமாகக் கொண்டோர் யூதர். அவர்தம் சமயத்தில் தோல் பெறும் இடத்தை ஆராயின், அச்சமயத்தின் தலையாய கொள்கைகளும் ஒழுக்கங்களும் எளிதின் விளங்கும்.

இறைவன் ஒருவனே, அவன் உருவமிலன் என்பது யூதரது முதற்கொள்கை. இதனைக் கூறும் மறைப்பகுதி ‘ஷெமா’ எனப்படும். காலையும் மாலையும் ஓதப்படுவது. மோசே வாயிலாக இறைவன் அருளியதென அவர் போற்றும் ஐந்து நூல்களுஞ் சேர்ந்தது ‘தோரா’. தொழுகைக் கூடத்தில் யாதொரு திருவுருவமும் இன்று. தோராச் சுருளை உள்ளடக்கிய பேழையே அங்குத் தலைமை பெறும். பேழை திறக்கும்பொழுது மக்கள் எழுந்து நிற்பர். ஓதுவோர் சுருளை வெறுங்கையால் தொடாது, ‘யாத்’ என்னுங் கைவடிவக் கோலால் வரிகளைச் சுட்டி ஓதுவர்.

அச்சுருளைச் செய்தற்குரிய விதிகள் நுண்ணியன. உண்ணத்தக்கதென மறை விதித்த விலங்கின் தோலே கொள்ளற்பாலது. ஆயினும், அவ்விலங்கு தானே இறந்து அதன் ஊன் விலக்கப்பட்டதாயினும், தோல் விலக்கப்படுவதன்று. தோலை முதலில் உப்பாலும், பின் மாவாலும், அதன்பின் துவர்ப்புடைய மாசிக்காயாலும் பதஞ்செய்தல் வேண்டுமென மைமோனிதர் (1138–1204) வகுத்துரைத்தார். துவர்ப்பொருளாற் பதனிடும் இம்முறை, ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட ஆம்பூர் முறைக்கு இனமாதல் காண்க. இவற்றினுஞ் சிறந்த விதி ‘லிஷ்மா’ என்பது. தோரா எழுதற்பொருட்டே இதனைப் பதனிடுகின்றேன் என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே வேண்டும். சுண்ணாம்பில் இடும்போதே அதனை வாயாற் சொல்லுதல் மரபு. அவ்வெண்ணமின்றிப் பதனிட்ட தோல் எத்துணை அழகிதாயினும் தோராவிற்கு ஆகாது. பின்னர் ‘சோஃபேர்’ எனப்படும் மறையெழுத்தாளர் 3,04,805 எழுத்துக்களையுங் கையால் எழுதுவர். ஏடுகள் விலங்கின் நரம்பால் தைக்கப்படும். இறைவன் திருப்பெயரை எழுதிய பின் அழித்தல் கூடாது. பழுதுற்ற சுருளை எறியாது மண்ணில் அடக்கஞ் செய்வர்.

வீட்டு நிலையிற் பொருத்தும் ‘மெசூசா’வினுள்ளும் தோலேட்டில் ஷெமா எழுதப்பட்டிருக்கும். வேலைநாட் காலைத் தொழுகையில் தலையிலுங் கையிலும் வாரினாற் கட்டும் ‘தெஃபில்லின்’ என்னுஞ் சிறு பேழைகளும் தோலால் ஆயவை. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை ‘ஷபாத்’ என்னும் ஓய்வுநாள். அந்நாளில் விலக்கிய 39 தொழில்களுள் தோலுரித்தல், பதனிடல், எழுதுதல் என்பனவும் அடங்கும். மறைக்குரிய தொழிலும் அன்று நிற்றல் வேண்டும் என்பது கருத்து. ‘யோம் கிப்பூர்’ என்னுங் கழுவாய் நாளில் உண்ணாநோன்போடு தோற்செருப்பு அணியாமையும் விதி.

இச்சமயத்தார் தென்னாட்டிற்குப் புதியரல்லர். கி. பி. 1000-ஐ ஒட்டிச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அஞ்சுவண்ணமும் பல சிறப்புரிமைகளும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உளது. கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடம் பெயர் பெற்றது. கிளாடியஸ் புக்கானன் என்பார் 1806-இல் மலையாள நாட்டு யூதரிடமிருந்து பெற்ற தோராச் சுருளொன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகஞ் சேர்ந்தது. அது செந்நிறமூட்டிய 37 ஆட்டுத்தோல்களால் ஆயது. சில பகுதிகள் இழந்தும் 48 அடி நீளமுடையது. கொச்சி யூதருட் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர்.

இனி, மறையைத் தாங்குந் தோலைப் போற்றியோர் அதனைப் பதனிட்டாரையும் போற்றினரோ எனின், அவரிடத்தும் தடுமாற்றம் இருந்ததென்பதே விடை. பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் விலகி, கீழ்த்திசையிலேயே அமைதல் வேண்டுமென்று ‘மிஷ்னா’ என்னும் அறநூல் விதித்தது. கணவனது இத்தொழிலின் நாற்றம் பொறாத மனைவி மணவிலக்குப் பெறலாமென்றும் அது கூறிற்று. ஆயினும், 2-ஆம் நூற்றாண்டிற் பேராசிரியராய் விளங்கிய யோசே பென் ஹலஃப்தா தோற்றொழில் செய்தவரே. அவரது தீர்ப்பு அந்நூலிற் பலவிடத்தும் மேற்கோளாக நிற்கின்றது. விலக்கியது நாற்றத்தையேயன்றி மனிதரது அறிவையன்று என்பது இதனாற் பெறப்படும்.

சைவ அன்பர்க்கு இவ்விடத்துத் திருநாளைப்போவார் நினைவு வாராதொழியாது. சிவாலயப் பேரிகைகட்குத் தோலும் வாரும், யாழிற்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தவர் அவரென்று சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிற் பாடியருளினார். அவரளித்த தோல் கோயிலுள் முழங்க, அவர் வாயிற்புறத்தே நின்றார். எனினும், அறுபத்துமூவருள் ஒருவராய் அவர் வணங்கப்படுகின்றார். யூதர் விதித்த ‘லிஷ்மா’வும் நாயனார் தொண்டும் ஒருண்மையையே காட்டும்: பொருளைத் தூயதாக்குவது அதன் பிறப்பன்று, அதனைச் செய்வார் கொண்ட எண்ணமே. அங்ஙனமாயின், தோலைத் தூயதென ஏற்றுத் தொழிலாளரைத் தாழ்ந்தவரென ஒதுக்குதல் எவ்வறத்தாலும் பொருந்தாது.